பால்மாவு அலமாரிச் சாவி

மார்ச் 4, திங்கள்

பிரசவ வார்டுக்குப் புதிதாகத் தலைமை நர்ஸ் வந்திருக்கிறாள். என் தோள் உயரம்கூட இல்லை. குட்டி மேடம் என்று பேர் வைத்துவிட்டேன். வந்ததும் வராததுமாக நான் பார்க்கும் குழந்தைகள் அறையின் பால்மாவு அலமாரிச் சாவியைக் கேட்டாள். பன்னிரண்டு வருஷமாக என் இடுப்பில் கிடந்த சாவி. கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்ய?

மார்ச் 5

புதுச் சட்டம். பிறந்ததும் குழந்தையைத் துடைத்து அம்மா நெஞ்சில் போட வேண்டுமாம். ஒரு மணி நேரம் யாரும் எடுக்கக் கூடாது. எடை, குளியல் எல்லாம் அப்புறம். பிறகும் அம்மா பக்கத்திலேயே இருக்கும். உடம்பு முடியாத குழந்தைகள் மட்டும்தான் என் அறைக்கு.

அப்போ நான் எதுக்கு? குளிப்பாட்டி, துணி சுற்றி, வரிசையாகப் படுக்க வைத்து, அழுதால் புட்டி கொடுத்து, பெற்றவள் கொஞ்சம் கண்ணயரட்டும் என்று பார்த்தவள் நான். வீட்டில் புலம்பினேன். "வேலை குறைஞ்சா நல்லதுதானே" என்கிறார் இவர். இவருக்கு என்ன தெரியும்.

மார்ச் 11, திங்கள்

ஒரு குழந்தை வீல் வீல் என்று அழுதது. புட்டி கேட்டேன், தரவில்லை. பெற்றவளின் கட்டிலோரம் தரையில் மண்டி போட்டாள் குட்டி மேடம். முக்கால் மணி நேரம். "நீ குனியாதேம்மா, பிள்ளையைக் கிட்ட கொண்டு வா. வாய் நல்லாத் திறக்கட்டும். அவசரமே இல்ல." குழந்தை கவ்விவிட்டது. விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை அவள். நானாக இருந்தால் நாலாவது நிமிஷமே புட்டிதான்.

மார்ச் 13

ஒரு குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. டாக்டர் சொன்னதும் குட்டி மேடமே பால் கரைத்தாள். "சட்டம் என்னாச்சு மேடம்?" என்று குத்தினேன். "பிள்ளைக்கு வேணும்னா கொடுப்போம். நமக்கு வசதின்னு கொடுக்க மாட்டோம்."

சுருக்கென்றது.

மார்ச் 19, செவ்வாய்

ஏழாம் கட்டிலில் ஒரு தையல்காரி. இரண்டாவது பிரசவம். "மூத்தவளுக்கு எனக்குப் பாலே வரல சிஸ்டர். என் உடம்பு வாகு அப்படி. மாமியார் இன்னும் சொல்லிக் காட்டுவாங்க. இதுக்காவது குடுத்துடணும்." எங்கே பிரசவம் என்று கேட்டேன். "இங்கதான், நாலு வருஷம் முன்னாடி. மூணு நாளும் பாப்பாவை நீங்களே வச்சுக்கிட்டு என்னைத் தூங்க விட்டீங்க. தங்கமான மனசு உங்களுக்கு."

நன்றி சொல்கிறாள், எனக்கு.

மார்ச் 20

தையல்காரிக்குப் பையன். நாற்பதாவது நிமிஷம் அவனே முட்டி முட்டித் தேடிக் கவ்விக்கொண்டான். இத்தனை வருஷத்தில் நான் இதைப் பார்த்ததே இல்லை — எங்கே பார்க்க, அதற்குள் தூக்கிக்கொண்டு போய்விடுவேனே.

மார்ச் 22, வெள்ளி

குட்டி மேடம் இன்று வெளியே வகுப்புக்குப் போனாள். போகும்போது சாவியை என் கையில் வைத்தாள்.

காலையிலிருந்தே பையன் விடாமல் அழுகை. "எனக்குத்தான் இல்லையே சிஸ்டர், புட்டி குடுத்துடுங்க" என்று தையல்காரியும் அழுகிறாள். மாமியார் வாசலில் உதட்டைச் சுழிக்கிறார். எடை பார்த்தேன், சரியாக இருந்தது. துணியும் நனைந்திருந்தது, பால் இறங்குகிறது என்றுதான் அர்த்தம். டாக்டரும் பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறான் என்றார். சாவி இடுப்பில் குத்துகிறது.

மண்டி போட்டேன். முட்டி இரண்டும் கடகடவென்றது. குட்டி மேடம் சொன்னதெல்லாம் சொன்னேன், குரலை உயர்த்தாமல். தையல்காரி "என் உடம்பு" என்று ஆரம்பித்தபோது தாங்கல எனக்கு. "உன் உடம்புல ஒரு குறையும் இல்லம்மா. அன்னைக்குப் பாப்பாவை உன்கிட்டேருந்து எடுத்துட்டுப் போனது நான். புட்டி குடுத்ததும் நான். பிள்ளை வாய் வைக்காம எப்படி பால் ஊறும்? தப்பு என்னோடது." மாமியாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பையன் குடித்தான்.

ஏப்ரல் 30

தாய்ப்பால் மட்டும் குடித்தபடி வீட்டுக்குப் போன குழந்தைகள்: போன வருஷம் பத்துக்கு நாலு. இந்த மாதம் எட்டு. கெட்டிக்காரி, இந்தக் குட்டி மேடம். அவளிடமே சொல்லிவிட்டேன்.

மே 3, வெள்ளி

ஆறு வாரப் பரிசோதனைக்குத் தையல்காரி வந்தாள். பையனுக்குக் கன்னம் புசுபுசுவென்று. இன்னும் தாய்ப்பால்தான். மூத்தவளும் கூட வந்திருந்தாள். நான் மருந்து அறைப் பக்கம் ஒதுங்கப் பார்த்தேன். தையல்காரியே கூப்பிட்டாள்.

"பாப்பா, நீ பொறந்தப்ப உன்னை முதல்ல குளிப்பாட்டினது இவங்கதான்."

"தம்பியையும் இவங்கதானா?"

"இல்லடா. தம்பியை எங்கிட்டயே விட்டுட்டாங்க."