மூக்கடைத்த வாரத்தின் மதிப்பெண்கள்

என் தங்கையைக் கட்டிய செந்தில் மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நாம் சேர்ந்து வேலை பார்த்த குன்னூர் இட்லி மாவு கம்பெனியில்தான் நான் இன்னும் இருக்கிறேன். இந்தக் குளிரில் மாவு இப்போதும் சொன்ன நேரத்துக்குப் பொங்குவதில்லை.

அகச்சிவப்பு மெஷினும் இருக்கிறது. கிண்ணத்து மாவில் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சி, புளித்த பக்குவத்தை அரை நிமிடத்தில் சொல்கிறது. அதற்கு ஏது நாக்கு? நாம் இருவரும் முகர்ந்து, சுவைத்துப் போட்ட மதிப்பெண்களில் உங்களுடையதை மட்டும் வைத்து அதைப் பழக்கினார்கள். நான் சரி என்கிற மாவை, "இன்னும் ஆகவில்லை" என்கிறது. செத்த பிறகும் என்னோடு மல்லுக்கு நிற்கிறீர்களா?

என்னுடையதை ஒதுக்கியது உங்கள் வேலை என்றே தங்கையிடமும் சொன்னேன். அதன்பிறகு ஜெகதளாவில் உங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. உங்கள் காரியத்தன்றுகூட வாசலோடு திரும்பிவிட்டேன்.

நேற்றுப் புது மேனேஜர் வந்தார். "மெஷினைத் திரும்பப் பழக்கணுமுங்க. அவருதான் இல்லீங்களே, உங்க பழைய மதிப்பெண் தாளைப் போட்டுக்கலாமுங்க" என்றார். இத்தனை வருடம் நான் காத்திருந்த வார்த்தை!

பீரோவிலிருந்து தாளை எடுத்தேன். மாவு கரைத்து எத்தனை மணி நேரம் என்பது ஏற ஏற, என் மதிப்பெண்ணும் படிக்கட்டு மாதிரி ஏறியிருந்தது. இந்த மலையில் எந்த மாவு அப்படிப் புளிக்கும்? மதிப்பெண் போட்ட அந்த வாரம் எனக்கு மூக்கடைப்பு. யாரிடமும் சொல்லாமல், நீலகிரித் தைலத்தைத் தடவிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தே எழுதினேன்.

"ஏனுங்க மச்சான், மாவு வாசம் வருதுங்களா, தைல வாசம் வருதுங்களா?" என்று சிரித்தீர்கள்.

"உங்க சோலியப் பாருங்க மாப்பிள்ளை" என்றேன்.

தெரிந்துதான் கேட்டீர்களா? தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் விட்டீர்களா? நீங்கள் சொல்லித்தான் என் தாளை ஒதுக்கினார்கள் என்றால், சொன்னது நியாயம்தானே? இதை இனி யாரிடம் கேட்பேன்? தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

மேனேஜர் வந்து கேட்டால் தாளைக் கொடுக்கமாட்டேன், காரணத்தைச் சொல்லிவிடுவேன். உங்கள் மதிப்பெண்கள் மெஷினிலேயே இருக்கட்டும். சாயங்காலம் ஜெகதளா பஸ் ஏறி, தங்கையிடமும் இதையே சொல்வேன். அவள் கதவைச் சாத்தினாலும், இந்தத் தடவை வாசலோடு திரும்பமாட்டேன்.

கோபம் இன்னும் முழுதாக ஆறாத,
உங்கள் மச்சான்