போர்ட் பிளேரில் சங்கு ஊதாது

22 மே 1988, ஞாயிறு. பருத்திப்பட்டு

இவருக்கு அந்தமானுக்கு மாற்றல் வந்ததிலிருந்து அம்மா பார்க்கிற பார்வையே சரியில்லை. கல்யாணமாகி ஐந்தே மாதத்தில் பெண்ணைக் கடல் தாண்டி அனுப்புவதாம். இன்றும் பெட்டியில் ஊறுகாய் ஜாடியைத் திணித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "புடிக்கலன்னா சொல்லி அனுப்பு. தேவராஜ உட்டு இட்டாந்துடறேன்." தம்பி தேவராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறான். லீவு போட ஒரு காரணம் கிடைத்தால் நிலாவுக்கே கிளம்பி வருவான்.

2 ஜூன். போர்ட் பிளேர்

கப்பலில் ஏறியதிலிருந்து வாந்தி. இறங்கியும் தரை ஆடுகிறது.

4 ஜூன்

மானம் போயிற்று. இவருடைய வாட்ச் கப்பலிலேயே நின்றுவிட்டது. ஆவடியில் எனக்குக் கடிகாரமே தேவைப்பட்டதில்லை. ஃபேக்டரி சங்கு ஊதினால் உலை வைப்பேன், அடுத்த சங்குக்கு டிபன் பாக்ஸ் தயாராகிவிடும். இங்கே சங்கு இல்லை. கண் விழித்தால் ஜன்னலில் வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. வெகுநேரம் தூங்கிவிட்டோம் என்று இவரை உலுக்கி எழுப்பி, வெந்தும் வேகாத சோற்றைக் கட்டிக் கொடுத்து விரட்டினேன். ஒர்க்‌ஷாப் பூட்டியிருந்ததாம். வாட்ச்மேன் அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தாராம். இந்த ஊரில் சூரியன் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுமாம். இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

11 ஜூன்

மழை. துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரம். மத்தியானம் ஆனால் கடைத்தெரு மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது. தக்காளி கேட்டால் கப்பல் வரட்டும் என்கிறார்கள். கப்பல் எப்போது வரும்? வரும்போது வரும். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் எப்படி ரசம் வைப்பது?

15 ஜூன்

பக்கத்து குவார்ட்டர்ஸ் செலின் அக்கா எங்கள் ஊருக்குக் கிட்டே காட்டுப்பாக்கத்துக்காரர். நாளைக் கப்பலில் லீவுக்கு ஊருக்குப் போகிறார். இவருக்குத் தெரியாமல் சொல்லி அனுப்பிவிட்டேன். "அம்மாவாண்ட சொல்லுக்கா. தேவராஜ உடனே அனுப்பச் சொல்லு. என்னால இங்க முடில."

இவரிடம் எப்படிச் சொல்வது? நல்ல மனிதர்தான். தப்பெல்லாம் தீவின் மேல்.

9 ஜூலை

கப்பல் வந்தது. தக்காளி வந்தது. தேவராஜ் வரவில்லை.

23 ஜூலை

பின்வீட்டில் ஒரு வங்காளிப் பெண். மீன் தலையைப் போட்டு ஒரு குழம்பு கொடுத்தாள், அப்படி ஒரு ருசி. அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. ஆனால் மாமியாரைத் திட்டுகிறாள் என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது.

14 ஆகஸ்ட்

இப்போது வெளிச்சத்தோடு எழுந்து, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்து, மத்தியானம் ஊரோடு சேர்ந்து தூங்குகிறேன். அந்த நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் எனக்கே கோபம் வருகிறது. இவர் வந்ததும் இரண்டு பேரும் கடற்கரைக்கு நடக்கிறோம். ஆவடியில் ஷிஃப்ட், ஓவர்டைம் என்று ஓடிய மனிதர் இவ்வளவு பேசுவார் என்றே எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைப்போம், பிறகு நானே நம்ப மாட்டேன்.

3 செப்டம்பர்

தேவராஜ் வந்து நிற்கிறான்.

செலின் அக்கா நேராக வேளாங்கண்ணிக்குப் போய், அப்புறம் தங்கை பிரசவத்துக்குத் துணையாக இருந்துவிட்டு, போன மாதக் கடைசியில்தான் பருத்திப்பட்டு போனாராம். நான் சொல்லி அனுப்பியதையே மறந்திருந்தேன். இவன் செருப்பைக்கூடக் கழற்றாமல், இவர் முன்னாலேயே போட்டு உடைத்தான். "கெளம்புக்கா. நீதானே ஆள அனுப்பச் சொன்னே? அம்மா அழுதுகினே கீது."

இவர் என்னைப் பார்த்தார். "மொதல்ல டீ குடி மச்சான்" என்றார். திட்டியிருக்கலாம்.

5 செப்டம்பர்

இவருடைய மரியாதை தாங்கவில்லை. பரண்மேல் கிடந்த என் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். "போறதுன்னா போ நாகு. நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன்."

ஒண்ணியும் சொல்ல மாட்டாராம். இருன்னு ஒரு வார்த்த வாயில வராதா? கேக்காத ஆளுக்கு நான் இன்னாத்துக்கு வலியப் போயி சொல்லணும்? — போகப் போவதில்லை. அதை நானாகச் சொல்லவும் போவதில்லை.

8 செப்டம்பர்

பெட்டி நிறைய அம்மாவுக்குக் கருவாடும் தேங்காயும் அடைத்து தேவராஜ் தலையில் ஏற்றினேன். இவர் கப்பல்துறைக்கு வரவில்லை. டூட்டியாம். தம்பிதான் கப்பல் ஏறும்வரை புலம்பினான். "அம்மாவாண்ட நான் இன்னான்னு சொல்றது?"

"உம் பொண்ணு நல்லா துன்னுட்டு நல்லா தூங்குறான்னு சொல்லு" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்குக் கண் கலங்கியது. அம்மாவை நினைத்துத்தான்.

கப்பல் நகர்ந்த பிறகு திரும்பினேன். டூட்டிக்குப் போன மனிதர் அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வடித்து வைத்த சோறு அப்படியே இருந்தது. முகம் வீங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"கப்பல் பூடுச்சா?"

"பூடுச்சி."

"பொட்டி?"

"அது போச்சி. நான் ஊட்டுக்கு வந்துட்டேன்."

துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம்தான் திட்ட ஆரம்பித்தார். தேவராஜ் வந்த நாளிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம், என் வம்சத்தையும் சேர்த்து. நான் சோற்றைப் போட்டு எதிரில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.