பாலிஷ் போட்ட பந்துகள்

என் வாப்பாவுக்கு, உங்கள் ஜுலைகா ஸலாம் சொல்லி எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. உம்மா நன்றாக இருக்கிறார். நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். தாராவியில் நம் தோல் பட்டறையை இப்போது மூத்த பிள்ளையாக இக்பால் காக்காதான் பார்த்துக்கொள்கிறார். கப்ருஸ்தானுக்கு வந்து உங்கள் மண்ணருகே நிற்கும்போது இதையெல்லாம் அவரே உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்குப் பயமாக இருக்கிறது, வாப்பா.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செம்பூர் மைதானத்தில் உங்கள் பேஸ்பால் லீக் மறுபடி தொடங்குகிறது. இந்த முறை பெண்கள் அணிகளும் உண்டு. பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். "நீதான் எப்பப் பாத்தாலும் புக்கும் கையுமா இருக்கியே, லீக் ஹிஸ்டரிய நீயே எழுது. ஆட்டத்துக்கு முன்னால மைக்குல வாசிச்சிரு" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஸ்கோர் எழுதும் வேலையும் எனக்குத்தான். நான் துள்ளிக் குதித்தேன். புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'வரலாறு' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

லீக் தொடங்கியபோது எனக்கு இரண்டு வயதுதான். அதனால் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு எழுதினேன். தொடக்கத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். வெளிநாட்டுக்கு அனுப்பப்போவதாக ஒரு வியாபாரி உங்களிடம் பேஸ்பால் கையுறைகள் தைக்கச் சொன்னாராம். தைத்து முடித்த பிறகு ஆளையே காணோம். பட்டறை முழுக்க மூட்டை மூட்டையாகக் கையுறை. மும்பையில் யார் வாங்குவார்கள்? "வாங்க ஆளில்லன்னா என்ன, ஆட ஆளு புடிப்போம்" என்றீர்களாம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், கோவண்டி என்று நான்கு அணிகள் அப்படித்தான் பிறந்தன.

மாட்டுங்காக்காரர்கள் விதிகளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார்களாம். நம் தாராவிக்காரர்களோ கிரிக்கெட் பழக்கத்தில், அடித்ததும் மட்டையைத் தூக்கிக்கொண்டே ஓடினார்களாம். "ஏலே, மட்டையக் கீழ போட்டுட்டு ஓடுல!" என்று நீங்கள் போட்ட சத்தத்தை இன்றைக்கும் எல்லோரும் நடித்துக் காட்டுகிறார்கள். பந்துகளும் நம் பட்டறையில் தைத்தவைதான். மழைக்காலம் முடிந்தால் ஆட்டம், அடுத்த மழைக்கு முன்னால் முடிவு. இரண்டே வருடம். மூன்றாவது வருடம் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். இரண்டாம் வருடத்து இறுதி ஆட்டம். தாராவிக்குப் பந்து எறிந்தவர் முருகேசன் மாமா. கோவண்டி அணியின் ஸ்டீபன் மாமா மட்டையோடு நின்றபடி அவரை ஏதோ கிண்டல் செய்தார். அடுத்த பந்து ஸ்டீபன் மாமாவின் முகத்தில் விழுந்தது. அன்று யாருமே ஹெல்மெட் போட்டு ஆடவில்லை. அவருக்கு வலது கண் போய்விட்டது. முருகேசன் வேண்டுமென்றே எறிந்தான் என்றார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். "பெரிய லஃப்டா, அடிதடி ஆயிட்டு. ஏக்தம் பந்த், எல்லாம் நின்னு போச்சு" என்று முடித்தார் ஒருவர்.

'கோபத்தில் எறிந்த ஒரு பந்தால் லீக் நின்றது.' இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

போன சனிக்கிழமை காக்காவுக்குச் சாப்பாடு கொண்டு பட்டறைக்குப் போனேன். மேசைமேல் ஒரு பெட்டி நிறையப் புதுப் பந்துகள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு. பார்க்க அவ்வளவு அழகு. டியூப்லைட் வெளிச்சம் ஒவ்வொரு பந்திலும் கோடாகத் தெரிந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். வெயிலில் நடந்து வந்த கை, வியர்வை. பந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தேன். மறுபடி நழுவியது.

உங்கள் காலத்திலிருந்து நம்மிடம் தையல் வேலை பார்க்கும் சுடலை மாமா சிரித்தார். "பைக்குப் போடுத பாலிஷ்லா போட்டிருக்கு பாப்பா. கையில நிக்குமா?"

"பந்துக்கு எதுக்கு மாமா பாலிஷ்?"

"விருந்தாளிவோ வருவாவ, போட்டோ எடுப்பாவன்னு உங்க அண்ணாச்சிதான் போடச் சொன்னாவ. நம்ம பட்டறையில எந்தச் சாமான்தான் பாலிஷ் போடாம வெளிய போயிருக்கு? உங்க வாப்பாவும் அந்தப் பைனலுக்கு இப்படித்தான்..." அதோடு நிறுத்திக்கொண்டார். ஊசியைத் தேடுவதுபோலக் குனிந்தார். ஊசி அவர் கையிலேயே இருந்தது.

"மத்த மேட்சுக்கு?"

"மத்ததுக்கு எல்லாம் வெறுந்தோலு" என்றார்.

அன்றிலிருந்து இதே யோசனைதான், வாப்பா. பளபளக்காத பொருளைக் கடைக்கு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பழகிய கை உங்களுடையது. பந்தை எறிபவன் பிடிக்க வேண்டும் என்பது மறந்துபோயிருக்கும். நீங்கள் நல்லதுதான் நினைத்தீர்கள். ஆனால் பந்து வழுக்கியது பிறகு தெரிந்ததா? தெரிந்துமா சும்மா இருந்தீர்கள்?

உங்களிடம் கேட்க முடியாததால் முருகேசன் மாமாவிடம் போனேன். பள்ளி விட்டதும் சயானில் பஸ் ஏறினேன். அவர் இப்போது செம்பூரில் ஆட்டோ ஓட்டுகிறார். ஸ்டேஷன் பக்கத்து ஆட்டோ வரிசையில் இருந்தார். யார் மகள் என்று சொன்னதும் முகம் மாறியது.

"ஹிஸ்டரி எழுதுத புள்ளையா? நான்தான் வில்லன்னு எழுதியாச்சுல்லா, பெறகென்ன?"

பாலிஷைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

"அன்னைக்கே சொன்னேம்மா. ரெண்டாவது இன்னிங்ஸ்லயே உங்க வாப்பாட்ட போயி, 'பாய், பந்து வழுக்குது, பழசக் குடுங்க'ன்னேன். 'போட்டோக்காரரு நிக்காருப்பா, கையத் தொடச்சிட்டுப் போடு'ன்னாரு."

"அப்போ நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு நம்புவா? ஸ்டீபன் என்னை 'ஏலே, பாலு பாக்கெட்டு போடுதியா, பந்து போடுதியா'ன்னான். நானும் கெட்ட வார்த்தையில திட்டினேன். எல்லாருந்தான் கேட்டாங்க." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் கோவத்துலதாம்மா இருந்தேன். வழுக்குனதும் நெசம். எதால அங்க போச்சுன்னு எனக்கே தெரியாது. எழுதுனா ரெண்டையும் எழுது."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடம் ஒரு மனிதர் பழியைச் சுமந்தார், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தலையில் கை வைத்து 'பொய் மட்டும் சொல்லாத புள்ள' என்ற அதே வாப்பாதானா? பயந்தீர்களா? எனக்கு இப்போது இருக்கும் இந்தப் பயம்தான் உங்களுக்கும் இருந்ததா?

நேற்று மாலை பட்டறைக்குப் போய், இந்தக் கடிதத்தை இதுவரை காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது என்பது உங்களுக்குத் தெரியுமே. பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"தூ பாகல் ஹை க்யா? பைத்தியமா உனக்கு? மௌத்தான வாப்பா மேலயே பழி போடுதியா? அதையும் மைக்குலயா?"

"காக்கா, புதுப் பந்தும் வழுக்குது. ஞாயித்துக்கிழமை முதல்ல நின்னு அடிக்கப்போறது யாரு தெரியுமா? ஸ்டீபன் மாமா மக ஜெனிபர்."

அவர் நின்றார். "ஹெல்மெட் இருக்குல்லா. நீ உன் சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டு, பந்துப் பெட்டியைப் பட்டறை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். என்னோடு வந்து, வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் தெரியுமா, வாப்பா? நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை எந்தப் பந்து மைதானத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. மைக்கில் இதை வாசித்தால் ஸ்டீபன் மாமா முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பார். கோவண்டிக்காரர்கள் நம் பட்டறைக்கு வந்துவிடுவார்களோ? காக்கா என்னோடு பேசவே மாட்டாரோ? உங்கள் பெயரைச் சொல்லும்போது மக்கள் ஒரு நொடி தயங்குவார்களே, அதை நான் எப்படித் தாங்குவேன்?

ஆனாலும் வாப்பா, என்னால் முடிந்ததைச் செய்வேன் என்று சத்தியம் செய்கிறேன். பந்து வழுக்கியதையும் முருகேசன் மாமா கோபமாக இருந்ததையும், அவர் உங்களிடம் வந்து சொன்னதையும் ஒரு வரி விடாமல் வாசிப்பேன். நீங்கள் எவ்வளவு நல்லவர் என்பதையும் விடமாட்டேன். அதன் பிறகு, ஜெனிபர் மட்டையைத் தூக்கும் முன்னால், பந்தை என் கையில் கொடுங்கள் என்று கேட்பேன். நழுவினால் ஆட்டத்தை நிறுத்துவேன். போட்டோ எடுக்க எத்தனை பேர் நின்றாலும் நிறுத்துவேன். பயமாக இருக்கும். பயந்துகொண்டே நிற்பேன்.

எனக்காக துஆ செய்யுங்கள். உங்களுக்காக நான் செய்துகொண்டே இருக்கிறேன்.

உங்கள் மேல் கோபமும் பாசமும் ஒன்றாக உள்ள இளைய மகள்,
ஜுலைகா