புள்ளிக்கோடு

பிரமாதி வருஷம், ஆவணி 12. மைசூர்.

முதுகு விட்டுப்போயிற்று. எந்த வித்வானுக்கு யார் ஆசிரியர் என்று முந்நூறு வருஷத்துக் குருபரம்பரைப் படம் வரையும் வேலை, போயும் போயும் இந்தச் சோம்பேறிக்கு வாய்த்திருக்கிறது. நாளை அச்சுக்குப் போகவேண்டும்.

சாயங்காலம் மேல்கோட்டைத் தர்க்க பண்டிதர் வந்து உட்கார்ந்துகொண்டார். அவருடைய பரம்பரையில் ஓரிடத்தில் குரு காலமாகி எண்பது வருஷம் கழித்துத்தான் சிஷ்யர் பிறக்கிறார். அங்கே சந்தேகத்துக்குப் புள்ளிக்கோடு போட்டிருந்தேன்.

"புள்ளியை எடுத்துட்டு முழுக்கோடா இழும், ஓய். குரு சொப்பனத்திலே வந்து பாடம் சொன்னார்."

"எத்தனை நாள், சுவாமி?"

"பன்னிரண்டு ராத்திரி. சிஷ்யர் ஒரு வார்த்தை மறக்கலை. நீர் புள்ளி வச்சா எங்க வித்தைக்குத் தகப்பனே இல்லைன்னு ஆயிடும்."

கேலிக்கு வாயெடுத்தவன், அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து மூடிக்கொண்டேன். முழுக்கோடு இழுத்துக் கொடுத்தேன்.

அவர் போனபின் படத்தின் அடியில் என் பெயர் கண்ணில் பட்டது. என் வாத்தியார் முன்னால் ஆறு வருஷம் உட்கார்ந்தேன். பாதி நாள் தூங்கினேன். எங்கள் நடுவே முழுக்கோடு, நானே கூச்சமில்லாமல் போட்டது.

அதைச் சுரண்டிப் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன். நாலாவது புள்ளியிலேயே கண் சொருகுகிறது. இன்றைக்குச் சொப்பனத்தில் வாத்தியார் வந்தால், தூங்காமல் கேட்பேன்.