திரட்டுப்பால் மீன்

அக்கா,

கும்மிடிப்பூண்டியில் காற்றுக்கு எப்போதும் இரும்பு நாற்றம்தான். ஆலைப் புகை கூரையில் படிந்து, துவைத்துப் போட்ட துணியிலும் ஏறிவிடும். நேற்றுச் சாயங்காலம் அதையும் மீறிக்கொண்டு பால் சுண்டும் வாசனை வந்தது. பக்கத்து வீட்டில் மகளுக்கு வளைகாப்பாம், திரட்டுப்பால் கிண்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அடிப்பிடித்த வாசனையும் சேர்ந்துகொண்டது. எழுந்து போய் அந்தக் கரண்டியைப் பிடுங்கி நானே கிண்டலாமா என்று கை துறுதுறுத்தது. போகவில்லை. உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உனக்கு ஒரு வரி எழுத இத்தனை நாள் மனசு வரவில்லை. உன் பெயரை இதில் எழுதப் போவதில்லை. அம்மா வைத்த பெயரை எழுதினால் நீ கோபித்துக்கொள்வாய். நீயாக வைத்துக்கொண்ட பெயரை எழுத எனக்கு இஷ்டமில்லை. அக்கா என்றே எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் நான் வாய்விட்டுக் கூப்பிடக் கூடாது என்று நீ தடை போட்டிருந்த சொல் அது.

நைனா பழவேற்காடு ஏரியில் வலை போடப் போய்ச் செத்த பிறகு அம்மா மீன் கூடையைத் தலையில் ஏற்றினாள். நம் இரண்டு பேரையும் திருவள்ளூரில் ஒரு கல்யாணச் சமையல்காரரிடம் பாத்திரம் தேய்க்க அனுப்பினாள். உனக்குப் பதினேழு வயது இருக்கும், எனக்கு உன்னைவிட இரண்டு குறைவு. சீர் வரிசைக்கு அவர்கள் மர அச்சில் சர்க்கரைப் பொம்மை வார்ப்பதைப் பார்த்து நீ உதட்டைச் சுழித்தாய். "எல்லாக் கிளியும் ஒரே மூஞ்சி. இன்னா கிளிடி இது" என்றாய். மீந்த திரட்டுப்பாலை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, ஒரு கிளி செய்தாய். தலையைத் திருப்பி முதுகுச் சிறகைக் கோதுகிற கிளி. சமையல்காரர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கே உன்னைப் பாத்திரம் தேய்ப்பதிலிருந்து எடுத்துவிட்டார். நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆபீஸ்காரர்கள் சேர்ந்து நடத்திய நாடகக் குழுவில் பெண் வேஷத்துக்கு ஆள் இல்லை என்று உன்னைக் கூப்பிட்டார்கள். அங்கேதான் உனக்குப் புதுப் பேச்சு வந்தது. 'இன்னா' போய் 'என்ன' வந்தது, 'ஊடு' போய் 'வீடு' வந்தது. ராத்திரி படுக்கும்போது வசனத்தை என்னிடம் சொல்லிப் பார்ப்பாய். நானும் திருப்பிச் சொல்ல வேண்டும், நாக்குப் புரளாவிட்டால் தலையில் குட்டு. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் உன் வாயிலிருந்து நம் கரைப் பேச்சு முழுசாகப் போய்விட்டது. என் வாயிலிருந்து போகவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

உன் நாடகத்தையும் உன் கிளியையும் ஒன்றாகச் சேர்க்கலாம் என்று தோன்றியது உனக்குத்தான், வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. கல்யாண வரவேற்பில் மேடை மேல் உட்கார்ந்துகொண்டு தசாவதாரக் கதையைப் பாடிச் சொல்லுவாய். பாடப் பாட விரல்கள் திரட்டுப்பாலில் ஒவ்வொரு அவதாரமாகச் செய்யும். மஞ்சளும் கீரைச்சாறும் பீட்ரூட் சாறும் உன் பக்கத்தில் கிண்ணங்களில் இருக்கும். நரசிம்மத்துக்குத் தேங்காய்ப்பூவில் பிடரி, வாமனனுக்கு வெற்றிலைக் காம்பில் குடை. கண்ணுக்கு மிளகு வைக்கும்போது பாட்டை நிறுத்துவாய். பின்வரிசை எழுந்து எட்டிப் பார்க்கும். கதை முடிந்ததும் பெருமாளைப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாய், பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாங்கித் தின்பார்கள். அதில் எனக்குப் பொறாமை கிடையாது. நீ பெரிய கலைக்காரி. இன்று கல்யாண மண்டபங்களில் தர்ப்பூசணியில் மயில் வெட்டி வைத்து எல்லோரும் போட்டோ எடுப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆனால் அந்தப் பாலைக் கிண்டியது நான். அடுப்படியில் புகையில் உட்கார்ந்து, அது இறுகியும் இறுகாமலும் இருக்கும் பதத்தில் இறக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பதம் தப்பினால் உன் ராமருக்குக் கை நிற்காது.

கேட்டவர்களிடம் நீ கும்பகோணத்துப் பக்கம் என்றாய். அப்பா கோயில்களில் கதை சொன்னவர் என்றாய். அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நிஜமாகவே தண்ணீர் வந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் நான் சண்டை போட்டேன்.

"அம்மா உசுரோட கீது. அத்தப் போயி செத்துப்போச்சின்னு சொல்ற. ஒனக்கு நாக்கு கூசல?"

"மேடையில ராணி வேசம் கட்டுனவ இன்னா நெஜமாவே ராணியாடி? எறங்குனா கழட்டி வச்சிடுவேன்."

"என்னை இன்னான்னு சொல்ற?"

"கூடமாட இருக்கிற பொண்ணுன்னு சொல்றேன். எனக்குக் கல்யாணம் ஆவட்டும்டி. ஊரறிய எந் தங்கச்சின்னு நானே சொல்றேன்."

நான் நம்பினேன். உன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் உன் கதையைக் கேட்டுவிட்டு உன்னையே கேட்டு வந்தார். மீன் வாடையே ஆகாத சைவக் குடும்பம். அவருக்கு உன்மேல் கொள்ளை ஆசை, வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் யோசனை. அவருடைய மாமா வீட்டுக் கல்யாணம் கும்மிடிப்பூண்டியில் வந்தது. அங்கே வந்து கதை சொல்லட்டும், நாங்களும் பெண்ணைப் பார்த்த மாதிரி இருக்கும் என்றார்கள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்றாலே நீ நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ள மாட்டாய். அம்மா கூடை தூக்கும் பக்கம் அது. அந்த ஒரு தடவை ஒப்புக்கொண்டாய்.

பந்தலில் முன் வரிசை முழுக்க உன்னைப் பார்க்க வந்த குமாஸ்தா வீட்டுப் பெண்கள். முதல் அவதாரம் மீன் என்பதே உனக்கு எப்போதும் சங்கடம். கோயில் படத்தில் இருக்கிற மாதிரி மேலே பெருமாள், கீழே கொஞ்சம் வால் என்று சட்டென்று முடித்துவிட்டுப் போய்விடுவாய். அன்று பிள்ளைகள் விடவில்லை. "முழு மீனா பண்ணுங்க, பெரிய மீனா பண்ணுங்க" என்று கத்தினார்கள். குமாஸ்தாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

நான் பந்தல் காலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் விரல் போகும் போக்கைப் பார்த்து ஓரடி முன்னால் வந்தேன். நீ செய்தது பொதுவான மீன் இல்லை, நம் ஏரி மடவை. தட்டைத் தலை, தடித்த முதுகு, கரண்டி நுனியால் ஒவ்வொன்றாகக் கீறிய செதில். செவுளுக்குள் பீட்ரூட் சாறு தடவினாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். மீனை இடது கையில் ஏந்தி, கட்டைவிரலால் செவுளைத் தூக்கி, உள்ளே சிவப்பாக இருப்பதை முன் வரிசைக்குக் காட்டினாய். நேற்றுப் பிடித்ததில்லை, இன்றைக்குப் பிடித்தது என்று அம்மா வாசல் வாசலாகக் காட்டுவாளே, அதே கை, அதே சாய்ப்பு. உனக்கே தெரியாமல் செய்தாய்.

குமாஸ்தாவின் பெரியம்மா சிரித்தாள். "எதிர் வீட்டு வாசல்ல தினம் பாக்கறேன். மீன்காரி இப்படித்தான் செவுளத் தூக்கிக் காட்டுவா. இந்தப் பொண்ணு அப்படியே காட்டுதே" என்றாள். சிரிப்பு பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பரவவில்லை. எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள்.

நீ கண் இமைக்கும் நேரம்தான் தடுமாறினாய். பிறகு நாடக மேடைச் சிரிப்பு ஒன்று சிரித்தாய். என் பக்கம் கையை நீட்டினாய்.

"இதோ நிக்கிறாளே, இவ அந்தக் கரைப் பொண்ணு. மீன்காரி மக. எங்கிட்ட வேலைக்கு இருக்கா. இவ செஞ்சு காட்டினதைத்தான் நான் நடிச்சுக் காட்டினேன்."

கை தட்டினார்கள், அக்கா. நீ அவ்வளவு நன்றாகச் சொன்னாய்.

கல்யாண வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். பாலைத் தொட்டாயா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடையிலிருந்து உன் குரல் வந்தது. "பாத்திரம் மட்டும்தான் தேய்ப்பா. பாலைத் தொட விடறதில்லை." என்னைக் கொல்லைப்புறம் போய் உட்காரச் சொன்னார்கள். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் இலை போட்டு, எட்ட நின்று சாதம் வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நீ ஆமையிலிருந்து கல்கிவரைக்கும் பாடி முடித்தாய். நான் கிண்டிய பாலில் செய்த அத்தனை பெருமாளையும் அவர்கள் ருசி பார்த்துத் தின்றார்கள், இன்னொரு துண்டு கேட்டார்கள். எனக்கு அது காதில் விழுந்தது.

திரும்பி வரும்போது ரயிலில், "வேற வழி தெர்லடி" என்றாய். நம் பேச்சில் சொன்னாய், அதனால் அது நிஜம்தான் என்று நினைத்தேன். "கல்யாணம் ஆவட்டும், பாரு" என்றும் சொன்னாய்.

கல்யாணம் ஆயிற்று. நீ கதை சொல்வதை நிறுத்திவிட்டாய், அந்த வீட்டில் அது கௌரவம் இல்லையாம். எனக்கும் கும்மிடிப்பூண்டிப் பட்டறைக்காரர் ஒருவரோடு கல்யாணம் ஆனது, நீ வரவில்லை. எப்போதாவது திருவள்ளூர் வந்தால் உன் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வருவேன். "பழைய வேலைக்காரப் பொண்ணு" என்று உன் மாமியாரிடம் சொல்லி எனக்குக் காப்பி கொடுப்பாய். வேஷத்தைக் கழட்டி வைக்கிறேன் என்றவள் கடைசிவரை மேடையை விட்டு இறங்கவே இல்லை.

உனக்குப் பெண் பிறந்ததை நான்தான் அம்மாவிடம் சொன்னேன். பேத்தியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். வெறுங்கையோடு போனால் யார் என்று கேட்பார்கள், கூடையோடு போனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவளே யோசனை கண்டுபிடித்தாள். பஸ்ஸும் ரயிலுமாக மாறி மாறி வந்தோம். நான் தெருமுனையில் நின்றுகொண்டேன். நீ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாய், உள்ளே உன் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மீனு வேணுமாம்மா?"

"நாங்க சாப்பிடறதில்லை. அடுத்த தெருவுக்குப் போங்க."

"சரிம்மா. கொயந்த அம்சமா கீது. சுத்திப் போடும்மா, கண்ணு பட்டுடப் போவுது."

அவ்வளவுதான். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ரயில் ஏறிய பிறகு, "நல்லா நடிக்கிறாடி எம் பொண்ணு" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். அந்தப் பெருமைக்காக உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னை வேலைக்காரி என்று சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். அம்மா செத்தபோது ஆள் அனுப்பினேன். நீ வரவில்லை, ஏற்கெனவே அவளை ஒரு தடவை கொன்றுவிட்டாயே.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பழைய சமையல்காரர் சொல்லியனுப்பித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் நீ போய்விட்டிருந்தாய். வரும் வழியில் கடையில் ஒரு புடவை எடுத்தேன், நல்ல அரக்கு நிறம். சுமங்கலியாகப் போகிறவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை போட வேண்டும், பிறந்த வீட்டில் மிச்சம் நான்தான்.

உன்னைக் குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஒரு கிழவி, "பொறந்த வீட்டுக் கோடி யார் போடறாங்க?" என்று கேட்டாள். உன் வீட்டுக்காரர், "அவளுக்கு யாரும் இல்லை" என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார். அவர் என்ன செய்வார், அவரிடம் நீ சொன்னது அதுதான்.

"நான் கொண்டாந்துகீறேன்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். "நீ யாரும்மா?" என்றாள் கிழவி.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். உன் பெண் உன் கால்மாட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் மூக்கு அவளுக்கு. நான் ஒரு வார்த்தை சொன்னால் நாளை முதல் அந்த வீட்டில் அவளுக்கு எந்த இடத்தில் இலை போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து தின்றவள் நான்.

"இந்த ஊட்டுல வேல செஞ்சவ" என்றேன்.

"அப்போ நீ போடக் கூடாதும்மா" என்றாள். வேறு யாரோ போய் எதிர் வீட்டு அம்மாளைக் கூட்டி வந்தார்கள். அவள் தன் வீட்டுப் பீரோவிலிருந்து ஒரு புதுப்புடவை எடுத்து வந்து போட்டாள். அவள் உனக்குப் பிறந்த வீடு ஆனாள். நான் என் பையை மார்போடு வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

அந்தப் புடவை இன்னும் மடிப்புக் கலையாமல் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வேறு யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது. நான் போகும்போது எனக்குக் கோடி போடப் பிறந்த வீட்டில் ஒருத்தரும் இல்லை. அதனால் அந்தப் புடவையை எடுத்து எனக்குப் போடச் சொல்லி மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், "எங்கம்மாவோட கூடப்பொறந்த அக்கா குடுத்தது" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கச்சி