புரியலன்னு சொன்ன பொண்ண அடிச்சிட்டேன், அக்கா

என்னைத் திட்டுறதுக்குன்னு இருந்த ஒரே ஆளு, என் ஆசை அக்காவுக்கு,

நான் ஒரு புள்ளையோட விரல ஒடச்சிட்டேன். நல்லாருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்கிற யோக்கியதை எனக்கு இல்ல, அதான் மொதல்லயே சொல்லிட்டேன். ஏழாங்கிளாஸ் பொண்ணு, பேரு கோகிலா. டெஸ்க்கு மேல கைய வச்சிட்டு நின்னா. ஸ்டீல் ஸ்கேல பக்கவாட்டுல புடிச்சு ஓங்கிப் போட்டேன். நடுவிரல்ல எலும்பு விட்டுப்போச்சு. தோலு கிழிஞ்சு நோட்டு மேல ரத்தம் சொட்டுச்சு.

அவ என்னா பண்ணா தெரியுமா? கேள்வி கேட்டா.

"இயற்பியல் மாற்றம்னா பொருள் பழையபடி திரும்பி வரும், வேதியியல் மாற்றம்னா வராது"ன்னு போர்டுல எழுதிப் போட்டிருந்தேன். ஐஸு உருகுனா திரும்ப ஐஸாவும், பேப்பரு எரிஞ்சா சாம்பல்தான். வருசா வருசம் நடத்துறதுதானே. அதுக்குக் கீழ, கப்பு ஒடையறது இயற்பியல் மாற்றம்னு எழுதுனேன். விருத்தாசலத்துல கப்பு ஒடையறத பாக்காத புள்ள ஏது? கோகிலா எந்திரிச்சா. "புரியல டீச்சர். ஒடஞ்ச கப்பு திரும்பி வராதே?"

"புக்குல இருக்கறத எழுதுடி"ன்னேன். மறுபடி எந்திரிச்சு, புரியலன்னா. உக்காருன்னேன். மூணாவது வாட்டி, "அப்ப போர்டுல இருக்கறது தப்பா டீச்சர்?"னு கேட்டா. கிளாஸே சிரிச்சுது. எனக்குக் கண்ணு மண்ணு தெரியல.

உனக்கு மட்டும் சொல்றேன். அவ கேட்டது சரின்னு ரெண்டாவது வாட்டியே எனக்கு விளங்கிடுச்சு. அதுக்குத்தான் அடிச்சேன்.

ஸ்கேல கீழ போட்டப்ப உன் ஞாபகம் வந்துச்சு. ஸ்டேஷன் ரோட்டு செராமிக் கடையில, ஒடஞ்சத திருப்பிக் கொண்டாறவங்களுக்கு பதில் சொல்ற சீட்டுலயே உன் காலம் பூரா போச்சு. ஒரு நாள் உன்னைக் கூப்புட வந்தேன். பெண்ணாடத்துக்காரன் ஒருத்தன் விரிசல் வுட்ட வாஷ்பேசின மேஜை மேல போட்டு ஒடச்சான். சில்லு தெறிச்சு உன் நெத்தி கிழிஞ்சுது. நீ முந்தானையால ரத்தத்தத் தொடச்சிட்டு, மேஜையச் சுத்தி வந்து, அவன் பக்கத்துலயே ஸ்டூலப் போட்டு உக்காந்த. "மொதல்லேருந்து சொல்லுங்கண்ணே, நான் குறுக்க பேசல"ன்ன. அவன் கத்தித் தீத்துட்டு, கடைசில தண்ணி கேட்டான். "பேக்கிங் எங்க தப்புண்ணே"ன்னு நீ ஒத்துக்கிட்ட. அப்புறந்தான், "இப்ப நான் என்ன செஞ்சா ஒங்களுக்குச் சரியாவும்?"னு கேட்ட.

அன்னிக்கு வூட்டுல உன்னை எவ்ளோ பேசுனேன். சூடு சொரணை இல்லியான்னு கேட்டேன். நீ சோத்தப் பெசஞ்சிகிட்டே சொன்ன: "திருப்பிக் கொண்டாந்து சண்ட போடறவன் இன்னும் நம்மள நம்புறான்டி. பேசாம போனவன்தான் போயிட்டான். ஒன் கிளாஸுல எத்தினி புள்ளைங்க பேசாம போயிருக்குதுன்னு எப்பனாச்சும் பாத்தியா?"

"நீ பேசின் விக்கிறவ, நான் பாடம் நடத்துறவ. புள்ளைங்க ஒண்ணும் கஸ்டமரு கெடையாது"ன்னு மூஞ்சிலடிச்ச மாதிரி சொல்லிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் நான் உன்கிட்ட பேசல. அடுத்த வாரமே வேப்பூருகிட்ட ஒரு லாரி மோதி உன் உசுர இழுத்துட்டுப் போச்சு. அந்த டிரைவரு இப்பக் கையில சிக்குனாலும் கழுத்த நெறிப்பேன். இந்த ரெண்டு வருசமா அந்த ஆத்திரத்த யாரு மேல எறக்குனேன்னு இப்பத்தான் புரியுது, சண்டாளி நான்.

மறுநாள் காலையில கோகிலாவோட அப்பா வந்தாரு. செராமிக் கம்பெனி சூளையில வேல பாக்குறவரு. கையில இரும்புக் கம்பி. அதுக்கு முன்னாடியே ஹெட்மாஸ்டர் எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தாரு: "பெஞ்சுல இடிச்சிகிச்சுன்னு சொல்லிடுங்க டீச்சர், வம்பு வேணாம்." ஸ்டாஃப் ரூம்ல பீரோ கண்ணாடி ஒரே அடியில தூளாச்சு. பக்கத்துல இருந்தவங்கல்லாம் அலறிட்டு ஓடுனாங்க.

நான் வாயத் தொறந்து மொதல்ல என்ன சொன்னேன் தெரியுமா? "ஒங்க பொண்ணு என்ன பேசுனா தெரியுமா?"ன்னேன். கம்பி என் எடது தோள்ல எறங்குச்சு. பி.டி. சார் கிரிக்கெட் ஸ்டம்ப எடுத்து அந்த மனுசன் வாயிலயே போட்டாரு. ரெண்டு பேரும் கண்ணாடித் துண்டு மேல கட்டிப் பொரண்டாங்க. கோகிலா அப்பாவோட பல்லெல்லாம் ரத்தம். கழுத்துல ஸ்டம்ப வச்சு அழுத்துறாரு பி.டி. சாரு, கண்ணு பிதுங்குது. செத்துருவாருன்னு பயந்துட்டேன் அக்கா.

"வுடுங்க சார் அவர!"ன்னு கத்திகிட்டே இழுத்துத் தள்ளுனேன். அப்புறம் அந்தக் கண்ணாடியிலயே அவரு பக்கத்துல உக்காந்தேன்.

"தானா இடிச்சிக்கல. நான்தான் அடிச்சேன். தப்பு என்னுது. நீங்க மொதல்லேருந்து சொல்லுங்க, நான் குறுக்க பேசல."

ரத்தத்தத் துப்பிட்டுச் சொன்னாரு: "சூளைகிட்ட வந்து நின்னுகிட்டு நைநைன்னு கேப்பாம்மா. எதுக்குப்பா வெள்ளையாவுது, எதுக்குப்பா விரியுதுன்னு. எனக்கு என்னா தெரியும்? டீச்சரக் கேளுன்னு நான்தான் சொல்லி அனுப்புவேன். நேத்துலேருந்து வாயே தொறக்கல. ஸ்கூலே வேணாங்குறா."

தோளு வலி அப்பத் தெரியல. அந்தப் பேச்சுதான் வலிச்சுது. "நான் என்ன செஞ்சா சரியாவும்?"னு கேட்டேன்.

"என்னை எதுக்குக் கேக்குற? அடி வாங்குனது நானா?"

சாயங்காலம் அடிபட்ட தோளுக்குக் கட்டுப் போட்டுகிட்டு அவங்க வூட்டுக்குப் போனேன். அவங்கம்மா உள்ள வான்னு கூப்புடல. வாசல்ல நின்னுகிட்டே பேசுனேன். "நீ கேட்டது சரி கோகிலா. புதுப் பொருள் உண்டாவாததாலதான் கப்பு ஒடையறது இயற்பியல் மாற்றம். திரும்பி வருதா வரலியான்னு பாக்குறது கணக்கே இல்ல. போர்டுல நான் எழுதுனது தப்பு. எல்லாரு முன்னாடியும் சொல்றேன். இனிமே யாரையும் அடிக்க மாட்டேன். நான் இன்னும் என்ன செஞ்சா நீ ஸ்கூலுக்கு வருவ?"

அவ என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. என் கையத்தான் பாத்தா. "அடிக்க மாட்டேன்னு நீங்க சொல்றத நான் நம்பல டீச்சர்"னா.

"ஏய்!"னாரு அவங்கப்பா.

"அவங்கதானப்பா கேட்டாங்க. நான் வரேன் டீச்சர். ஆனா கடைசி பெஞ்சுலதான் உக்காருவேன். நீங்க அங்க வரக் கூடாது."

சொன்னபடி வந்துட்டா. நானும் சொன்னபடி போர்டுல எழுதுனதத் தப்புன்னு சொல்லி அழிச்சேன். எனக்கு மெமோ வந்திருக்குது, விசாரணை நடக்குது. என்ன குடுத்தாலும் வாங்கிக்கிறேன், அதுல பேச்சு இல்ல. முன்பெஞ்சுல ரெண்டு மூணு பேரு இப்ப "புரியல டீச்சர்"னு சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க. எந்த எடத்துலன்னு கேக்குறேன். சில நாளு ஒடம்பெல்லாம் கொதிக்கும் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். கைய முதுகுக்குப் பின்னால கட்டிகிட்டு நிப்பேன்.

கோகிலா மட்டும் இன்னும் வாயத் தொறக்கல. ஒடஞ்ச விரலு சரியா மடங்கல போலருக்குது, பேனாவ வேற மாதிரி புடிக்கிறா. நான் திரும்புனா அந்தக் கைய டெஸ்க்குக்கு அடியில இழுத்துக்குறா. அவளுக்குக் கேக்கணும்னு சத்தமாத்தான் நடத்துறேன். அந்தச் சத்தத்துக்கும் பயப்படுறாளோ என்னவோ. நீ இருந்தா இதுக்கு என்ன செய்வ? உனக்காச்சும் தெரிஞ்சிருக்குமா?

மூணாவது பெஞ்சத் தாண்டி நான் போவ மாட்டேன். அவளா கூப்புடுற வரைக்கும் போவ மாட்டேன், அவ பத்தாவது முடிச்சிட்டுப் போற வரைக்கும் கூப்புடலன்னாலும் சரி. இது உன் மேல சத்தியம்.

உனக்குப் பின்னால பொறந்தவ,
மலர்க்கொடி