பிஸ்மி சொன்ன குற்றம்

திருகோணமலை

தம்பி அப்ராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகம் கேட்க இதை எழுதவில்லை. தொலைபேசியில் அனுப்பியதை எல்லாம் பார்க்கிறாய், பதில்தான் இல்லை. அதனால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வாங்கும்போது கையெழுத்தாவது வைப்பாய்.

உன் மச்சான் இன்னும் விளக்கமறியல் சிறையில்தான். நேற்றுப் பார்க்கப் போனேன். தாடி காடாய் வளர்ந்து கிடக்கிறது. அந்த நிலையிலும் உன் வேலைக்கு ஒன்றும் ஆகாதே என்றுதான் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருஷம் லீவில் வந்து நின்றபோது பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய். கோட்டைப் பக்கத்து மான்கள் வெயிலில் எலும்பும் தோலுமாகத் திரிவதைக் கண்டு உனக்குச் சோறு இறங்கவில்லை. இயற்கை என்று சொல்லிக் கைகட்டி நிற்கக் கூடாது, காட்டு மிருகத்தின் வேதனையும் நம் பொறுப்புத்தான் என்று குசினிக் கதிரையில் இருந்து பாடம் எடுத்தாய். பின் வளவில் தொட்டி கட்டச் சொன்னாய், புண்ணாக்கு வைக்கச் சொன்னாய். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவன் சொல்கிறான் என்று அவரும் எல்லாம் செய்தார். மான்கள் வந்தன, குட்டி போட்டன, பெருகின. பின்னாலேயே தெருநாய்களும் வந்தன. அதை நீ சொல்லித்தரவில்லை.

அவரைப் பிடித்துக்கொண்டு போன அன்று காலை நாய்கள் ஒரு குட்டியின் வயிற்றைக் கிழித்துவிட்டன. விரட்டினோம். குடல் மண்ணில் கிடக்க, அது கத்திக்கொண்டே கிடந்தது. பிழைக்காது என்று எனக்கே தெரிந்தது. அவர் கத்தியை எடுத்து வந்து, அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி அறுத்தார். அடுத்த வீட்டுக்காரர் அதைக் கேட்டு வனஜீவராசி அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டார். வந்த அதிகாரி ஒன்றுதான் கேட்டார்.

"தின்னுறதுக்கு இல்லையெண்டா ஏன் பிஸ்மி சொன்னனீ?"

"உசிரெடுக்கிற நேரம் வேற என்னத்தச் சொல்லுற, சேர்?" என்றார் உன் மச்சான்.

இறைச்சிக்காக மான் அறுத்தவன் என்றே எழுதிக்கொண்டு போனார்கள்.

உன் பேச்சைக் கேட்டுத்தான் அவர் தீனி வைத்தார், துடிக்கிற உயிரின் வேதனையை முடித்துவிடுவதும் இரக்கம்தான் என்று சொன்னவனும் நீதான். இதை ஒரு சத்தியக்கடதாசியில் எழுதித் தந்தால், மாதக் கடைசியில் வரும் வழக்குத் தவணையில் பிணை கேட்கலாம் என்கிறார் சட்டத்தரணி. நீயோ, அதிகாரிகளுக்கு அறிவித்திருக்க வேண்டும், என் பெயரை இழுக்க வேண்டாம் என்று ஒரு வரி அனுப்பினாய். அதன் பிறகு வாயே திறக்கவில்லை. வெட்கமாக இல்லையா? மானுக்காகக் கண் கலங்கியவனுக்கு மச்சானுக்காக ஒரு கையெழுத்து வைக்க ஏலாதா?

தொட்டியை உடைத்துவிட்டேன். மான்கள் இன்னும் வந்து அந்த இடத்தை நக்கிவிட்டுப் போகின்றன. அந்தத் தாய் மான் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறேன், பார்க்க முடியவில்லை. உன் பாடம் எனக்கும் கொஞ்சம் ஏறிவிட்டது போல. அதற்கும் உன் மேல்தான் கோபம்.

கடதாசியை அனுப்பு, தம்பி. அனுப்ப மனமில்லை என்றால், அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். வேதனையில் கிடக்கும் எந்த உயிரையும் உன் கண்முன் கொண்டுவராமல் இருக்கட்டும். கொண்டுவந்தாலும் நீ பார்த்துக்கொண்டுதான் நிற்பாய்.

உன் கூடப்பிறந்த ராத்தா
சுஹைரா